சுரங்கம் இருக்கும் வரை

அந்தக் காலையில் பெய்தது பனியா, வெறும் தூறலா என்பது எனக்கு இப்போது உறுதியில்லை. அல்டோனாவைக் கேட்டால் தூறல் என்பாள். டிசம்பர் நான்காம் தேதி என்பது மட்டும் நிச்சயம். போலந்தின் சிலேசியாவிலுள்ள சுரங்க ஊர்களில் அது, சுரங்கத் தொழிலாளர்களின் காவல் புனிதையான பார்பராவின் நாள். அன்று யாரும் நிலக்கரி வெட்டுவதில்லை.

நகராட்சியின் வெப்ப விநியோகப் பிரிவில் அல்டோனா இன்ஜினியர், நான் எழுத்தர். எங்கள் ஊரின் இரண்டாயிரம் வீடுகளைச் சூடாக்குவது சுரங்கத்துக் கொதிகலன். அதற்குப் பதிலாக, சுரங்கத்திலிருந்து இறைக்கும் வெதுவெதுப்பான நீரைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதிக்கு விண்ணப்பித்திருந்தோம். பம்புகளை யார், எதுவரை ஓட்டுவார்கள் என்ற கேள்விக்கு நான்தான் பதில் எழுதினேன்: "சுரங்க நிர்வாகம், சுரங்கம் இருக்கும் வரை." மூன்று பேர் படித்தார்கள். யாருக்கும் உறுத்தவில்லை. அதைவிட நீண்ட காலம் எதுவும் எங்களுக்குத் தெரியாது.

முந்தின நாள் மாலை தலைநகரத்தின் நிதி அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. சுரங்கம் இரண்டு ஆண்டுகளில் மூடப்படும் என்று உங்கள் மாகாணத்தின் திட்டமே சொல்கிறது. அதன் பிறகும் பம்புகள் ஓடும் என்று சுரங்க இயக்குநர் கையொப்பமும் முத்திரையும் இட்டு, நாளை நண்பகலுக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் தள்ளுபடி.

காலை ஒன்பதரைக்கு, தேவாலயம் நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஊர்வலத்தின் குறுக்கே அல்டோனா போய் நின்றாள். கறுப்புச் சீருடையில் நானூறு சுரங்கத் தொழிலாளர்கள். முன்னால் பச்சை இறகுத் தொப்பியுடன் இயக்குநர் பியெத்ரெக்.

"டைரக்டர் சார், ஒரு கையெழுத்து."

"இன்ஜினியரம்மா, இன்னைக்கு என்ன நாள்னு தெரியும்ல? நாளைக்கு வாங்க."

"நாளைக்கு வந்து உங்க தொப்பியைப் பாக்கவா? இன்னைக்குப் பன்னிரண்டு மணிதான் கெடு."

அவர் தாளை வாங்கிப் படித்தார். 'சுரங்கம் மூடப்பட்ட பின்' என்ற வரியில் அவருடைய கண் நின்றுவிட்டது.

"இதுல போய், இந்த நாள்ல, இவங்க முன்னாடி கையெழுத்துப் போடச் சொல்றீங்களா? சுரங்கத்தை நானே குழி வெட்டிப் பொதைச்ச மாதிரி இருக்கும்மா."

"நீங்க போடலைன்னாலும் அது மூடத்தான் போகுது சார். இவங்க வீடுதான் ஐஸாப் போகும்."

ஊர்வலத்தோடு வந்த பேண்டு வாசிப்பு நின்றுபோயிருந்தது. அவர் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார்.

"போடுங்க சார், கால் விறைக்குது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

அல்டோனா குனிந்து முதுகைக் கொடுத்தாள். அதன்மேல் தாளை வைத்து அவர் கையெழுத்திட்டார். "முத்திரை பெட்டகத்துல இருக்கு. சாவி எர்வின்கிட்ட."

எர்வின் அவருடைய செயலாளர். அன்று பேண்டில் ட்யூபா என்ற பெரிய பித்தளைக் குழலை வாசித்துக்கொண்டிருந்தார்.

"நான் வந்துட்டா இதை யார் தூக்குவா? உங்க எழுத்தரா?" என்றார் எர்வின்.

"அவர்தான்," என்றாள் அல்டோனா.

அவர்கள் இருவரும் சுரங்க அலுவலகத்துக்கு ஓடினார்கள். நான் அந்தப் பித்தளைப் பாரத்தைச் சுமந்துகொண்டு, ஊதத் தெரியாமல், தேவாலயம் வரை நடந்தேன்.

உறுதிமொழி மின்னஞ்சலில் பதினொன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தது. நிதி கிடைத்தது. நீருக்கு ஓர் அலுவலகம், குழாய்க்கு ஓர் அலுவலகம், மின்சாரத்துக்கு இன்னொன்று என்று அனுமதிகளுக்கே மூன்று ஆண்டுகள் ஆயின. சுரங்கம் சொன்னபடி மூடப்பட்டது. நடுவில் ஒரு குளிர்காலத்தை ஊர் மின்சார ஹீட்டர்களோடு கழித்தது. இப்போது வீடுகள் சூடாக இருக்கின்றன. பியெத்ரெக் ஓய்வு பெற்றுப் புறா வளர்க்கிறார். எர்வின் பம்பு நிலையத்தில் வேலை பார்க்கிறார். அல்டோனா பக்கத்துச் சுரங்க ஊருக்கு மாற்றல் வாங்கிப் போய், அங்கே இதே வேலையைத் தொடங்கியிருக்கிறாள். நான் அதே மேசையில்தான் இருக்கிறேன்.