அன்புடன், இரண்டாம் மாடி

எங்கள் குடியிருப்பில் யாருக்கும் மருந்தைத் தூக்கிப்போட மனசு வராது. டாக்டர் ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்தால், மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரையையும் விட்டுவிடுவார்கள். மிச்சம் சமையலறை டப்பாவிலும் மேசை இழுப்பறையிலும் வருஷக்கணக்கில் கிடக்கும். என்றைக்காவது கையில் தட்டுப்பட்டால் ஒருத்தர் கழிவறையில் கொட்டித் தண்ணீர் விடுவார், இன்னொருத்தர் பூந்தொட்டியில் புதைப்பார். இந்த ஜனங்களைத் திருத்தியே தீருவது என்று என் வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துப் பெட்டி வைத்தார். வேண்டாதவர்கள் போடலாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அவர் வீட்டிலேயே உட்கார்ந்து கட்டட வரைபடம் போடுகிறவர். ஒழுங்கு, அளவு, கோடு என்றால் உயிர். சாயங்காலம் ஆனால் பெட்டியில் விழுந்ததையெல்லாம் எங்கள் சாப்பாட்டு மேசையில் பரப்பி, தேதி பார்த்து, அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டுவார். 'அன்புடன், முதல் மாடி.' 'அன்புடன், மேல்மாடி.' தேதி போனதை எங்கள் கழிவறையிலேயே கொட்டிவிடுவார். மற்றவர்கள் கொட்டினால் தப்பு, இவர் கொட்டினால் நிர்வாகம்.

சீட்டு ஒட்ட ஆரம்பித்ததும் தானம் பெருகியது பாருங்கள், அதை எழுதி மாளாது. வாய் ஒட்டிப்போய் எறும்பு மொய்த்த இருமல் மருந்து, யாருக்கு எதற்கு என்றே தெரியாத பாதி அட்டை மாத்திரை, எல்லாம் வந்தது. மேல்மாடி வக்கீல், பாதி பிதுக்கிய களிம்புக் குழாய் ஒன்றைப் போட்டுவிட்டு, தன் சீட்டு முன்பக்கம் தெரிகிறதா என்று தினமும் குனிந்து பார்த்துவிட்டுப் போவார். குப்பையைக் குப்பை என்று ஒத்துக்கொள்ளத் துப்பில்லாதவர்களுக்கு என் வீட்டுக்காரர் கொடை வள்ளல் பட்டம் கட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறை இதை அவரிடம் சொல்லியும் பார்த்தேன். எனக்கு எதைப் பார்த்தாலும் குற்றம்தான் கண்ணில் படும் என்றார்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா கண் அறுவை முடிந்து எங்களோடு வந்து தங்கினாள். அவளுக்கு இடது கண் போய்ப் பல வருஷம் ஆயிற்று. வலது கண் ஒன்றை வைத்துத்தான் நடப்பது, பேப்பர் படிப்பது எல்லாம். அதிலும் புரை விழுந்து, எடுத்தாயிற்று. தினம் நான்கு வேளை சொட்டு மருந்து விடவேண்டும். நான் ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசைகிற பிரிவில் இருக்கிறேன். விடியும் முன் கிளம்பினால் பிற்பகல்தான் வீடு. அதனால் சொட்டு மருந்துப் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டவர் நான் வீட்டில் இருக்கும் வேளையிலும் என்னைத் தொட விடவில்லை. தன் கைதான் நடுங்காத கை என்றார். அம்மாவுக்கோ பெருமை தாங்கவில்லை. மாப்பிள்ளை தன் கையால் மருந்து விடுகிறார் என்று போனில் உறவு முழுக்கச் சொல்லி முடித்தாள்.

முதல் பாட்டில் தீர்ந்தது. புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். வாங்கியாயிற்றா என்று கேட்டதற்கு, வந்தாயிற்று என்றார். 'வாங்கி'க்கும் 'வந்து'க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று துருவிக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் வீட்டுக்கு வந்தேன். கதவு சத்தம் கேட்டால் குரல் கொடுக்கிற அம்மா வாயே திறக்கவில்லை. ஜன்னல் திரையை இழுத்து விட்டுக்கொண்டு, அறுவைக்குப் பிறகு கழற்றாத கறுப்புக் கண்ணாடியோடு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் கொஞ்சம் கூசுகிறது, வேறொன்றுமில்லை என்றாள். கண்ணாடியைக் கழற்றினேன். கண் ரத்தச் சிவப்பு. இமையில் சீழ் காய்ந்து ஒட்டியிருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"முந்தாநாள்லேர்ந்து. மருந்து விட்டா எரியுது. எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்னு மாப்பிள்ளை சொன்னார்."

"என்கிட்ட சொல்லக்கூடாதாம்மா?"

"அவரு பாவம், வேலையெல்லாம் விட்டுட்டு வந்து விடுறாரு. அவர்கிட்ட போய் எரியுதுன்னு எப்படிடி குறை சொல்றது?"

அவருடைய வரைபலகை இழுப்பறையைத் திறந்தேன். அளவுகோலுக்குப் பக்கத்தில் அந்தப் பாட்டில் இருந்தது. முக்கால் அளவு மருந்து. நெற்றியில் 'அன்புடன், இரண்டாம் மாடி.' இரண்டாம் மாடி ஆசிரியைக்குப் போன வருஷம் கண்வலி வந்தது குடியிருப்புக்கே தெரியும். அவள் வலிக்குத் திறந்த மருந்து இது. சீட்டை நகத்தால் சுரண்டினேன். அடியில் சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது: திறந்த நான்கு வாரத்தில் எறிந்துவிடவும்.

அவரிடம் காட்டினேன். பாட்டிலின் அடியில் இருந்த தேதியைத் திருப்பிக் காட்டினார். அடுத்த வருஷம் வரை இருக்கிறதாம். அதே மருந்துதானாம், அதே கம்பெனிதானாம், நல்ல மருந்தை வீணாக்குவது பாவமாம். எந்த வரியைப் படிக்க வேண்டுமோ அதன்மேலேயே அன்பைப் பசை போட்டு ஒட்டிய மனுஷனிடம் என்ன பேசுவது? அம்மாவைக் கிளப்பினேன். அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

கண் டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தாள். திறந்து வைத்த பாட்டிலில் கிருமி சேர்ந்து, அது அறுவைக் காயத்துக்குள் போயிருக்கிறது என்றாள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கண்ணையே எடுக்க வேண்டியிருக்கும் என்றாள். பிறகு பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, இதை யார் விட்டது என்று கேட்டாள்.

"நான்தான் டாக்டர்," என்றாள் அம்மா. "கீழே ஒரு பெட்டி இருக்கு. நானே போய் எடுத்து விட்டுக்கிட்டேன்."

என் தோளைப் பிடிக்காமல் ஒரு படி இறங்கமாட்டாள். அந்தப் பெட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. நான் இவரைப் பார்த்தேன். மனுஷன் என்றால் இப்போதாவது வாயைத் திறப்பான் என்று நினைத்தேன். திறந்தார்.

"வயசானவங்க டாக்டர். சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவர்மேல் எனக்குக் கோபம் வந்ததுண்டு, சலிப்பு வந்ததுண்டு. அருவருப்பு அன்றைக்குத்தான் வந்தது. அம்மா பொய் சொல்கிறாள், மருந்து விட்டது இவர்தான் என்று டாக்டரிடம் சொன்னேன். அம்மா என் கையை நறுக்கென்று கிள்ளினாள். டாக்டர் எங்கள் குடும்ப வழக்கைக் கேட்க நிற்கவில்லை. கண்ணுக்குள் ஊசி போட அம்மாவை உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கண் தப்பியது. பார்வை முழுசாகத் திரும்பவில்லை. எதிரே நிற்பது யார் என்று தெரிகிறது, விரலை நீட்டினால் எண்ணிவிடுகிறாள், எழுத்து மட்டும் கூடிவரவில்லை. இனி பேப்பரை யாராவது படித்துச் சொல்ல வேண்டியதுதான்.

அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாளில், அவளுக்குத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது பெட்டிமேல் புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'முதியவர்கள் துணையுடன் வந்து மருந்து எடுத்துக்கொள்ளவும்.' கோடு போட்டு, அழகான எழுத்தில். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பெட்டியை இரண்டு கோணிப்பையில் கவிழ்த்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே மருந்து கொடுக்கிற ஜன்னல் பக்கத்தில், மிஞ்சின மருந்தைப் போடவென்றே மூடி போட்ட தொட்டி ஒன்று உண்டு. மொத்தமாக எரித்துவிடுவார்களாம். அத்தனை அன்பையும் அதில் கொட்டினேன். இரண்டு நாள் குடியிருப்பே என்னைத் திட்டியது. வக்கீல் தன் களிம்பைத் திருப்பிக் கேட்டார்.

அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று சாயங்காலம் ஆசிரியையும் வக்கீலும் பார்க்க வந்திருந்தார்கள். மருந்து வேளை வந்தது. என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி கை கழுவினார். தோளில் துண்டோடு வந்து, புத்தம் புதுப் பாட்டிலின் மூடியை அவர்கள் முன்னால் திருகி உடைத்தார். அம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"வேண்டாம் மாப்பிள்ளை. என் பொண்ணு விடட்டும்."

அவர் வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "அத்தைக்கு இன்னும் பயம் போகல."

"பயமில்ல மாப்பிள்ளை," என்றாள் அம்மா. "உங்க மனசு நோகக்கூடாதுன்னு எரிச்சலைப் பொறுத்துக்கிட்டேன். டாக்டர்கிட்ட பழியையும் நானே ஏத்துக்கிட்டேன். இன்னொரு தடவை உங்களுக்காகப் பொறுத்துக்க என்கிட்ட வேற கண்ணு இல்ல."

ஆசிரியை தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்க் கை கழுவிவிட்டு வந்து அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கினேன். அம்மா தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டாள்.