ஓடைக்கு இறங்கிய வீடு

சமையலறையை இடித்துக் கட்டி விருந்தும் வைத்து முடித்த மறுநாள், டினெக்கேயின் வீடு சரிவில் இறங்க ஆரம்பித்தது. அன்று திங்கட்கிழமை, ரொட்டிக்கடைக்கு விடுமுறை, அதனால் தெருவில் ஆள் குறைவு. ஆனாலும் எங்கள் ஊர் கோம்பரூஸில் யாரும் அதை நம்பாமல் இல்லை. சுண்ணாம்புப் பாதையோரம் இருந்த அந்தக் கல்வீடு, ஒரு ஓடுகூட நழுவாமல், ஒரு முழம் கீழே தள்ளி, கிழவர் கப்ரோலின் திராட்சைத் தோட்டத்து வேலியை ஒட்டி நின்றது. வாசற்படி மட்டும் பழைய இடத்திலேயே கிடந்தது.

டினெக்கே ஹாலந்துக்காரி. அங்கே ஏதோ ஒரு நகரத்தில் டிராம் ஓட்டியவள். ஓய்வு பெற்றதும் இருந்த ஃப்ளாட்டை விற்று மொத்தத்தையும் இந்த வீட்டில் போட்டிருந்தாள். திரும்பிப் போனால் உட்கார அவளுக்கு அங்கே ஒரு நாற்காலிகூடக் கிடையாது. எங்கள் பக்கம் வீடு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் செய்வதையெல்லாம் அவளும் செய்தாள். கொத்தனார் மர்சியாலைப் பிடித்தாள், சொன்ன நாளில் வருவான் என்று நம்பினாள். அவன் வந்த நாட்களில், மாதாகோயில் மணி பன்னிரண்டு அடித்ததும் கரண்டியைக் கலவையிலேயே செருகிவிட்டுச் சாப்பிடப் போவதைப் பார்த்து, முதலில் அவனுக்கு ஏதோ உடம்புக்கு வந்துவிட்டதென்று பதறிப்போனாள். பிறகு பழகிக்கொண்டாள். சந்தையில் கத்தரிக்காயை அமுக்கிப் பார்க்கவும், சீஸ்காரியிடம் வாய் கொடுக்காமல் தப்பிக்கவும் கற்றுக்கொண்டாள். நல்ல பெண்தான், குறை சொல்ல முடியாது.

ஆனால் அடுப்புக் கொக்கியைத் தூக்கி எறிந்துவிட்டாள். பழைய புகைபோக்கிக்குள், எந்தக் காலத்திலிருந்தோ சட்டி சுமந்து தொங்கிய இரும்புக் கொக்கி அது. துருப்பிடித்த சனியன் என்று கழற்றிப் பாதையோரம் வைத்துவிட்டு, கண்ணாடி மேல்மூடி போட்ட மின் அடுப்பை வாங்கி வந்தாள். பாதையோரம் வைத்த சாமான், குனிந்து எடுப்பவனுக்குச் சொந்தம் என்பது எங்கள் ஊர்ச் சட்டம். கப்ரோல் குனிந்தார். மனைவி லூசெட் இறந்தபிறகு ஊருக்குள் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு, தோட்டத்துக்குக் கீழே, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்குடிலில் தனியாக இருந்தவர் அவர்.

எங்களிடம் புதுவீடு புகுவதென்றால் கொக்கி மாட்டுவதுதான். புகைபோக்கியில் கொக்கியைத் தொங்கவிட்டு, அதில் சட்டியேற்றி, ஊரைக் கூப்பிட்டு வயிறு நிறையப் போட வேண்டும். டினெக்கே அழகாக அட்டை அச்சடித்து அழைத்தாள். போனால், நிற்கவைத்து, குச்சியில் குத்திய சீஸ் துண்டுகளைக் கொடுத்தாள். நாங்கள் ஒவ்வொருவராகப் புகைபோக்கிக்குள் எட்டிப் பார்த்தோம். கொக்கி இருந்த இடத்தில் காய்ந்த பூங்கொத்து தொங்கியது. ரொம்ப நன்றாயிருக்கிறது மதாம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். விடிந்ததும் வீடு கிளம்பிவிட்டது.

விஷயத்தை ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவள் எங்களைக் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கு அவர்கள் வீட்டைப்பற்றிப் புத்தி சொல்வது எங்கள் ஊரில் அநாகரிகம். முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வதுதான் மரியாதை.

வசந்தத்திலும் கோடையிலும் வீடு தோட்டத்துக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு கொடியைக்கூட மிதிக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். மர்சியால் காலையில் சுவரில் சாத்திய ஏணி, அவன் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கும்போது எதன்மேலும் சாயாமல் நின்றது. தண்ணீர்க் குழாயை வாராவாரம் நீட்டிக் கொடுத்தான். ஊர் நிர்வாகத்தில் விசாரித்தார்கள். வீடு நடக்கக் கூடாதென்று விதி எதுவுமில்லை, ஜன்னல் கதவுகள் மட்டும் ஊருக்கு ஒதுக்கிய நீலத்திலேயே இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. டினெக்கேக்கும் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. டிராம் ஓட்டியவள், நகர்கிற இடத்தில் தூக்கம் நன்றாக வருகிறது என்றாள்.

திராட்சை அறுவடைக்கு ஆள் இறங்கிய அன்று, வீடு ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தது. சமையலறைச் சுவரில் விரிசல் விட்டு, ஒரு கல் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது.

"மதாம், இது ஓடையில கால வெச்சுதுன்னா, அப்புறம் எனக்கு இங்க பூச்சு வேலை இல்ல. கல்லு பொறுக்கற வேலைதான்" என்றான் மர்சியால்.

டினெக்கே மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். எங்களுக்கே பாவமாகிவிட்டது. மூக்கைச் சிந்திவிட்டு, முதல்முறையாகக் கேட்டாள்.

"இது எங்கதான் போகுது மர்சியால்?"

"கொக்கியத் தேடித்தான். கப்ரோல்கிட்ட இருக்கு."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். நீங்க கேக்கலியே."

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனாள். குடிலுக்குள் கொக்கியில் வெள்ளை மொச்சை வெந்துகொண்டிருந்தது. துரு என்று நினைத்தது தப்புதான் முசியே, திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டாள். தூக்கிப் போட்டது நீங்கள், குனிந்தது நான் என்றார் கப்ரோல். பிறகு சட்டியைக் கிளறியபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"லூசெட் போனதுலேருந்து டின்னத் தொறந்து நின்னுக்கிட்டே தின்னவன் நான். இது தொங்குதேன்னுதான் அடுப்பு மூட்டி உக்காந்து சாப்பிடறேன். நீங்க எடுத்துட்டுப் போயிட்டா, மறுபடி டின்னுதான்."

அதற்குமேல் கேட்க டினெக்கேக்கு மனம் வரவில்லை. போகவும் மனமில்லாமல் நின்றாள். அவள் நின்ற நிலையைப் பார்த்து, அனுப்பிவைக்கிற எண்ணத்தில் கிழவர் சொன்னார்: வெறும் கொக்கியை இடம் மாற்றக் கூடாது, சூடான சட்டியோடுதான் எடுக்க வேண்டும், நாளை அறுவடை ஆட்களுக்கு இதிலேயே சமைத்துப் போடுங்கள், அவர்கள் சாப்பிட்டால் பார்க்கலாம். குச்சியில் குத்திய சீஸை அவர் மறக்கவில்லை.

மறுநாள் அவள் குடிலிலேயே தன் ஊர்ப் பட்டாணி சூப் வைத்தாள். பன்றிக்கால், சாசேஜ், லீக்ஸ் எல்லாம் போட்டு, கரண்டி நட்டுக்க நிற்கிற பதம். அந்த வெயிலில் அதைப் பார்த்து அறுவடைக்காரர்கள் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்கள்.

"என் கலவைகூட ஒரு நாளும் இவ்ளோ கெட்டியா நின்னதில்ல மதாம்" என்றான் மர்சியால்.

ஆனால் மணி பன்னிரண்டு அடித்தபோது அவள் எல்லோரையும் பலகை போட்டு உட்கார வைத்திருந்தாள், சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் எங்களுக்கு என்ன வேண்டும்? சாப்பிட்டோம். மறுபடி தட்டை நீட்டினோம். கப்ரோல் ரொட்டியால் தட்டை வழித்துத் தின்றார். பிறகு கையில் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, மிச்ச சூப் ஆவி பறக்கும் சட்டியோடு கொக்கியைத் தூக்கி, ஓடையில் இறங்கி நடந்தார். நாங்கள் தட்டுகளோடு பின்னால் போனோம்.

பூங்கொத்தை எடுத்துவிட்டுக் கொக்கியை மாட்டினார். அலமாரித் தட்டுகள் ஒருமுறை கிலுகிலுத்து அடங்கின. வீடு, சந்தைக்கு நடந்து களைத்தவள் பெஞ்சைக் கண்டதுபோல், கரையில் உட்கார்ந்துவிட்டது. மிச்சத்தையும் அங்கேயே சாப்பிட்டு முடித்தோம். நாளைக்கும் வாருங்கள் என்றாள் டினெக்கே. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு தினமும் யார் ஓடையைத் தாண்டுவது என்று சொல்லிவிட்டுக் கப்ரோல் வெறுங்கையோடு திரும்பிப் போனார். அந்த முதுகைப் பார்க்க எங்களுக்குச் சகிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவருடைய குடில் ஓடைக்கு இந்தப் பக்கம், டினெக்கேயின் சமையலறைச் சுவரை ஒட்டி நின்றது. கதவின் பாதிவரை ஈரம். ஒரு கோடை முழுக்கக் கொக்கி அதற்குள்ளும் தொங்கியதல்லவா. ஊர் நிர்வாகத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, குடிலின் ஜன்னல் கதவுக்கும் அந்த நீலத்தையே அடிக்கச் சொன்னார்கள். மணி அடித்ததும் கப்ரோல் கதவைத் திறந்தார். அது நேராக அவள் சமையலறைக்குள் திறந்தது. கையில் கரண்டி இருந்தது.

"இன்னிக்கு என்ன மதாம்?"

"பட்டாணிதான்."

"இன்னிக்குமா?" என்று கேட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.