பிரம்பு பிடித்த மரம்

அடிமரம் முழுக்க அறுத்தாகிவிட்டது. ஆனாலும் மரம் விழவில்லை. இரண்டு முழம் சாய்ந்தது. பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தாற்போல் அப்படியே நின்றுவிட்டது. மரம் அறுக்க வந்தவர் மெஷினை அணைத்துவிட்டுப் பின்னால் ஓடிவந்தார்.

"யாரும் கிட்ட போகாதீங்க!"

டீ கொண்டுவந்தவள் நின்ற இடத்திலேயே நின்றாள். வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டியாயிற்று. பால் வற்றிய ரப்பர் மரங்களை இறக்கி, வெறும் தரையாகக் கொடுத்தால்தான் தோட்டத்தை வாங்குகிறவர் கையெழுத்துப் போடுவார். போட்டால் வெள்ளிக்கிழமை டவுனுக்குக் குடிபோகலாம். அங்கே பெரியம்மா வீட்டில் தங்கி இரண்டு வருடமாக மகள் படிக்கிறாள். போனில் இப்போதெல்லாம் 'நம்ம வீடு' என்று அவள் சொல்வது அந்த வீட்டைத்தான்.

அண்ணாந்து பார்த்தாள். எல்லாம் பிரம்பின் வேலை. பிரம்பும் பனை, தென்னை சாதிதான். ஆனால் தன் காலில் நிற்கத் தெம்பில்லாதது. அதனால் இலை நுனியிலிருந்து சாட்டைபோல ஒரு நீள நரம்பை வெளியே விடும். அதில் வரிசையாகக் கொக்கிகள், எல்லாம் பின்னோக்கி வளைந்தவை. காற்றில் ஆடி ஆடி எந்தக் கிளையில் பட்டாலும் மாட்டிக்கொள்ளும், அதைப் பிடித்தே தண்டு மேலே ஏறும். உச்சிக்குப் போனால் நிற்குமா? பக்கத்து மரத்துக்குத் தாவும், அங்கிருந்து அடுத்ததற்கு. மர நிழல் வீணாகிறதே என்று ஒன்பது வருடத்துக்கு முன் ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு கன்று வைத்தவன் அவள் கணவன். "ஏழே வருஷம். நாற்காலிக் கம்பெனிக்காரன் நம்ம வாசல்ல வந்து நிப்பான்" என்றான். பிறகு அவன் சொல்லும் கணக்கில் ஏழு பத்தாயிற்று. நன்றாக முற்றட்டுமே என்று பத்து பன்னிரண்டாயிற்று.

"ஒன்ன ஒன்னு கட்டிப்பிடிச்சுட்டு நிக்குது" என்றார் மரம் அறுப்பவர். "இத இழுத்தா கூட நாலு சேர்ந்து எந்தப் பக்கம் சாயும்னு எனக்கே தெரியாது. என் பொண்டாட்டிக்கு நான் ஒருத்தன்தாம்மா இருக்கேன்."

"கொடிய இப்பவே வெட்டிடலாம்ல அண்ணே?"

"அடியில வெட்டினா மேல இருக்கறது இறங்கிடுமா? கொக்கி விடணுமே. காஞ்சு மக்கி தானா அறுந்து விழ ஒரு வருஷமாவது ஆகும். அதான் போன வருஷமே தம்பிகிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேன், முதல்ல கொடிய வெட்டிவிடுங்க, அப்புறம் என்னைக் கூப்பிடுங்கன்னு."

அவள் திரும்பினாள். கணவன் மெஷினின் சங்கிலியைப் புதிதாகப் பார்ப்பவன்போல் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன வருடம் ஒரு மாதம் முழுக்க, கொடி வெட்டப் போகிறேன் என்று கத்தியோடு போனான். சாயங்காலம் தோள் வலிக்கிறது என்பான். அவள்தான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள்.

அவனை நோக்கி வேகமாக நடந்தாள். தொங்கிய பிரம்பு நரம்பு ஒன்று தோளில் மாட்டிக்கொண்டது. முன்னால் இழுத்தால் கொக்கி இன்னும் ஆழமாக ஏறும். வந்த வழியே ஓரடி பின்வைத்தால்தான் விடும். பின்வைத்தாள். ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றினாள். அதற்குள் கத்த வேண்டுமென்று வந்த குரல் இறங்கிவிட்டிருந்தது.

"ஒரு மாசம் இங்க வந்து என்ன பண்ணீங்க?"

"வெட்டத்தான் வந்தேன். அண்ணாந்து பாத்தா மனசு வரல. இன்னும் மூணே வருஷம்தான்..."

"அதுக்குள்ள உங்க பொண்ணு எங்க அக்காவ அம்மான்னும் என்னை சித்தின்னும் கூப்பிட ஆரம்பிச்சிடுவா."

அவன் இடுப்பிலிருந்த கத்தியை உருவிக்கொண்டு தள்ளியிருந்த ஒரு பிரம்புத் தூருக்குப் போனாள். முள் மூடிய பட்டையைச் சீவி எறிந்தாள். நாலு வெட்டில் தண்டு இரண்டாயிற்று. மேல் துண்டிலிருந்து தெளிந்த நீர் அவள் பாதத்தில் சொட்டியது. அண்ணாந்து பார்த்தாள். உச்சியில் இலைகள் பச்சையாகவே இருந்தன. புதிதாக விட்ட ஒரு நரம்பு, இன்னும் எதிலும் மாட்டாமல், அடுத்த கிளையைத் தேடிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.