தீவனக் கடைக்கு முதலிடம்

“15 நவம்பர் 2024, வெள்ளி. தவறு என்னுடையது. படிப்பகத் தளத்தின் கோப்பில் அதன் பெயரைக் குறிக்கும் வரியை விட்டுவிட்டேன். சரிபார்த்ததாகத்தான் நினைத்தேன். நான் நினைப்பதை இனி நம்பக் கூடாது.”

மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து கலைமதி நோட்டில் இப்படித்தான் எழுதிவருகிறாள். சிங்கவரத்தில் அவள் வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று இரண்டு இணையதளங்களைச் சுமந்தது. ஒன்று ஊர்ப் படிப்பகத்தினுடையது. மற்றது செஞ்சியில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கும் வகுப்புத்தோழன் பிரசாந்தினுடையது. இணைய லைனும் அவன் கொடுத்ததுதான். இரண்டு தளத்துக்கும் முகவரி எண் ஒன்றே. வருகிறவர் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிறாரோ அந்தத் தளத்தைக் கம்ப்யூட்டர் எடுத்து நீட்டும். தெரியாத பெயர் என்றால், வரிசையில் முதலில் இருப்பதைக் காட்டிவிடும். அன்று முதலில் இருந்தது கடை. ஆகவே வெள்ளோட்டம் பார்க்க வந்த நாற்பது பேருக்கும் மாதிரித் தேர்வுக்குப் பதில் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் காட்சி தந்தன.

படிப்பகத்தை நடத்தும் ராஜாம்பாள் சாயந்திரமே வந்துவிட்டாள். “ஞாயித்துக்கெழம பத்து மணிக்குத் தேர்வு தொறக்கணும், கலை. இல்லன்னா புள்ளைங்க திண்டிவனம் கோச்சிங்குக்குப் போயிடும். அப்புறம் படிப்பகத்தப் பூட்ட வேண்டியதுதான்.”

சனிக்கிழமை கலைமதி விட்ட வரியை எழுதினாள். வழிதவறி வருபவற்றுக்கென்று ஒரு வெற்றுப் பக்கத்தை முதலில் வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் டிக் போட்டாள். பிறகு டிக்கையே சந்தேகப்பட்டாள்.

அப்போதுதான் பிரசாந்த் வந்தான். மூன்று மாதம் படித்தும் கோப்பைச் சேமிக்காமல் மூடிவிட்டு, கம்ப்யூட்டர் சரியில்லை என்று சாதிக்கிறவன். ஆனால் வரிசையில் தன் பெயர் எங்கே என்பது மட்டும் அவன் கண்ணுக்குத் தப்பாது. திருவிழாவில் முதல் தாம்பூலம் வாங்கியே பழகிய குடும்பம்.

“இன்னா இது? வெத்துப் பக்கம் முதல்ல, உங்க படிப்பகம் ரெண்டாவது, எங்க கட மூணாவதா?”

“முதல்ல இருக்கறது மரியாத இல்ல, பிரசாந்த். பேரு தெரியாம வர்றது, பாஸ்வேர்டு திருட வர்ற புரோகிராமு, எல்லாக் குப்பையும் அங்கதான் வந்து வுழும்.”

“எனக்கே கிளாஸ் எடுக்கறியா? லைன் எங்களுது. எங்க பேரு முதல்ல வரலன்னா இப்பவே புடுங்கிடுவேன்.”

“நீதான் கேட்டன்னு எழுதிக்கவா?”

“எழுதிக்க. பெருசாவே எழுதிக்க.”

‘குப்பை விழும் என்று சொன்னேன்’ என்றும் சேர்த்துப் பெரிதாகவே எழுதினாள். அவன் படிக்காமல் கையெழுத்துப் போட்டான். அவள் வெற்றுப் பக்கத்தை எடுத்துவிட்டுக் கடையை முதலில் வைத்தாள். விலைப்பட்டியல் மட்டுமே உள்ள பக்கம், திருட ஒன்றுமில்லை.

ஒரு மணி நேரத்தில் வருகைப் பதிவு மளமளவென்று நீண்டது. எல்லாம் எங்கிருந்தோ வந்து கதவை ஆட்டிப் பார்க்கும் திருட்டு புரோகிராம்கள். ஒன்றுக்கும் மாடு கிடையாது.

“நைனா! நூத்திப்பத்து பேரு வந்துக்கறாங்க!” என்று பிரசாந்த் போனில் கத்தினான். பிறகு அவள் பக்கம் திரும்பி, “பாத்தியா? முதல்ல போட்டதும் கூட்டம் எப்டி அம்முது!” என்றான்.

“பாத்தேன்,” என்றாள் கலைமதி. விளக்கம் சொல்லி வீணாக்க அவளிடம் வேறு மூச்சில்லை. லைன் இருந்தது. படிப்பகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் படிப்பகம்தான் வந்தது. மூன்று முறை பார்த்தாள்.

“16 நவம்பர், சனி. நாளை காலை எட்டு மணிக்கு ராஜாம்பாள் அக்கா போனிலிருந்து தேர்வுப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.”