தன்னோடு தானே

மனைவி காலையில் சொல்லிவிட்டாள், அக்கா வீட்டுக்குப் போவதாக. எத்தனை நாளைக்கு என்று கேட்டான். துணி மடித்துக்கொண்டே, "போறேன்" என்றாள் மறுபடியும். சாயங்காலம் பேசலாம், அதுவரை இரு என்று கெஞ்சிவிட்டு ஆய்வகத்துக்கு வந்தான்.

கணினியில் கணக்கு ஓடி முடிந்திருந்தது. கணக்குக்காக அவன் வைத்த ஒரு கற்பனைப் பெட்டிக்குள் திரவப் படிகத்தின் மூலக்கூறுகள், குச்சி குச்சியாக. சூட்டில் ஆளுக்கொரு திசை பார்க்கும். குளிரக் குளிர ஒரு கட்டத்தில் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்ப வேண்டும். திரும்பியிருந்தன. எதிர்பார்த்ததற்கு வெகு முன்பே.

பக்கத்து மேசை நண்பன் எட்டிப் பார்த்தான். கண்ணாடியின் கனத்தால் அவனுக்கு சோடாபுட்டி என்று பெயர்.

"என்னடா, இந்தச் சூட்டுலயே வரிசையில நின்னுடுச்சு? பெட்டி எவ்வளவு பெருசு?"

சொன்னான்.

"கிழிஞ்சுது போ. வலது சுவர்ல வெளியே போறது இடது சுவர்ல உள்ளே வரும்னுதானே எழுதியிருக்கே? இவ்வளவு சின்னப் பெட்டியில ஒரு குச்சிக்குப் பக்கத்துல அதோட நகலேதான் நிக்கும். தன்னோட தானே ஒத்துப்போகுதுடா. இதுல என்ன அதிசயம்?"

"அப்படி இருக்காது."

"சரி, நீ பிடிச்ச முயலுக்கு மூணு காலுதான்."

சீக்கிரம் முடித்துவிடுகிறேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்துத்தான் பெட்டியைச் சிறிதாக்கியிருந்தான்.

சாயங்காலம் அவன் வீடு திரும்பியபோது அவள் வாசல் பக்கத்து நாற்காலியில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். இரு என்றதால் இருந்தாள்.

"நமக்குள்ள ஒரு சண்டை உண்டா?" என்றான்.

"இல்ல."

"எல்லாம் சேர்ந்து எடுத்த முடிவுதானே? குழந்தை வேண்டாம்னுகூட."

"நீங்க சொன்னீங்க."

"நீயும் சரின்னே."

"நான் ஒண்ணும் சொல்லல. பாத்திரம் கழுவிட்டிருந்தேன்."

குழாய்ச் சத்தம் அவனுக்கு நினைவிருந்தது. அவள் குரலைத் தேடினான். இல்லை.

"இப்போ சொல்லு. உனக்கு என்ன வேணும்?"

அவள் நிஜமாகவே யோசித்தாள். "அப்போ தெரிஞ்சிருந்தது" என்றாள். "இப்போ தெரியல."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். அதுதான் அவள் வழக்கம்.

மறுநாள் பெட்டியைப் பெரிதாக்கினான். வரிசையில் நின்ற குச்சிகளையே நிரப்பி, அதே சூட்டில் ஓட்டினான். முதலில் ஓரத்தில் ஒன்று சாய்ந்தது. பிறகு அதன் பக்கத்தில் ஒன்று. பொழுது சாய்வதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கிடந்தன.

சோடாபுட்டி வந்து நின்றான். கேலி செய்ய வாயெடுத்தவன், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பினான்.

அந்தச் சூட்டில் அப்படித்தான் கிடக்க வேண்டும். விடை சரிதான். கோப்பைச் சேமித்தான்.