சாமிக்குப் போட்ட பூ

காரின் இடப்பக்கத்து முன்னிருக்கைக்குக் கீழே மறுபடியும் தண்ணீர் நின்றது. மந்திரமூர்த்தி கால்மிதியைத் தூக்கிப் பிழிந்தார். "பாத்தியாளா, பாத்தியா!" என்று மனைவி சண்முகவடிவிடம் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். முகத்தில் கவலையைக் காணோம். சந்தோஷம்தான் இருந்தது.

வண்டி அவருடைய தங்கை புருஷன் சிவப்பிரகாஷிடம் வாங்கியது. அவனுக்கு ஹார்பர் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. கப்பலில் கால் வைத்தவனில்லை, ஆனால் வாயைத் திறந்தால் இங்கிலீஷ். கழுத்தில் எந்நேரமும் அடையாள அட்டை, சாப்பாட்டுப் பந்தியில்கூடக் கழற்ற மாட்டான். மளிகைக் கடையில் உட்கார்ந்தே ஆளை எடைபோடப் பழகிய மந்திரமூர்த்திக்கு அவனைக் கல்யாணத்தன்றே பிடிக்கவில்லை. வெறும் பந்தாப் பயல். இப்போது பந்தாவோடு பித்தலாட்டமும் சேர்ந்துவிட்டது. மார்கழி வெள்ளத்தில் முங்கிய வண்டியைத் துடைத்து, சென்ட் அடித்து, மச்சான் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்குச் சீரகம் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நேற்று தங்கை இந்துமதியிடமே போனில் சொல்லிவிட்டார்.

"ஒம் மவளுக்குக் காது குத்த எம் மடி வேணும்னா, மொதல்ல ஒம் புருஷன வந்து வண்டிய எடுத்துட்டுப் போவச் சொல்லு."

அந்தக் குடும்பத்தில் தாய்மாமன் மடியில் உட்காராமல் எந்தப் பிள்ளைக்கும் காது குத்தியதில்லை. நாளைக்கு ஓட்டப்பிடாரம் பக்கத்துக் குலதெய்வக் கோயிலில் பந்தலே போட்டாயிற்று. இந்துமதி அழுதாள். அழட்டும், கட்டிக்கொண்டவன் லட்சணம் அவளுக்கும் தெரிய வேண்டாமா?

இன்றைக்குக் காரியம் ஆதாரம் தேடுவது. தரைவிரிப்பைக் கிளப்பினால் வெள்ளத்துச் சேறு படிந்திருக்கும், அதைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிடலாம். வேர்க்க விறுவிறுக்கக் கிளப்பினார். கீழே தகரம் புதுப் பாத்திரம் மாதிரி பளபளவென்று இருந்தது. பொட்டுச் சேறு இல்லை, துரு இல்லை.

"கழுவிருக்கான், களவாணி" என்றார்.

"விரிப்புக்கு அடியிலயுமா கழுவுவாவ?" என்றாள் சண்முகவடிவு. "நான் உள்ள இருக்கேன். நீங்க ஹோஸப் புடிச்சு ஒவ்வொரு இடமா ஊத்துங்க. எங்கன ஒழுகுதுன்னு பாப்போம்."

கூரையில் ஊற்றினார், ஒழுகவில்லை. கதவு ரப்பரில் ஊற்றினார், ஒழுகவில்லை. போன வாரம் அவரே கண்ணாடியைச் சுற்றி அப்பிய வெள்ளைப் பசை மட்டும் பல் விளக்காதவன் வாய் மாதிரி இளித்தது. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் நிற்கிற கருப்புப் பட்டையில் ஊற்றினார். தண்ணீர் இறங்காமல் அங்கேயே தேங்கியது.

"இந்தா வந்துட்டு! ஏசி ஃபேன் பக்கமா கொட்டுது!" என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

மழைத்தண்ணீர் வடிகிற துவாரம் அந்தப் பட்டைக்கு அடியில்தான் இருந்தது. பட்டையை நெம்பி எடுத்து, கையை விட்டார். கொழகொழவென்று ஏதோ அகப்பட்டது. சேறுதான்! ஆவலாக அள்ளி வெளியே எடுத்தார்.

அழுகிய செவ்வந்தி. அறுகம்புல். இரண்டு கையும் கொள்ளாத அளவுக்கு, மஞ்சள் நூலோடு. வெள்ளி தவறாமல் அவரே மாலை வாங்கி, வைப்பரில் சிக்கவைத்து, சூடம் காட்டிவிட்டு அப்படியே ஓட்டிக்கொண்டு போவார். போன வாரம் போட்ட மாலையின் ஜிகினாக்கூட இன்னும் மினுக்கியது. துவாரத்தில் தேங்கிய தண்ணீர் மடமடவென்று இறங்கி டயருக்குப் பின்னால் ஓடியது.

ஊரெல்லாம் சொன்னதை இனி எப்படி விழுங்குவது? அவமானமாக இருந்தது. கையிலிருந்ததையாவது சட்டென்று எறிந்துவிடலாம் என்று பார்த்தால், அது சாமிப் பூ. கண்ட இடத்தில் போட்டால் கால் படும். கடைப் பையன்களை அதற்காக எத்தனை தடவை வைதிருக்கிறார்! கிணறும் இல்லை, மரமும் இல்லை. சிமெண்ட் தெருவில் அங்கும் இங்குமாகத் திரும்பினார்.

இருக்கையில் கிடந்த அவர் போன் அடித்தது. சண்முகவடிவு எடுத்துப் பார்த்தாள், அவர் கையையும் பார்த்தாள். ஸ்பீக்கரைப் போட்டு, ஜன்னல் வழியாக அவர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"அண்ணே," என்றாள் இந்துமதி. "அவுக வண்டிய எடுக்கக் கெளம்பிட்டாவ. பிள்ள ஒன்னயத்தான் கேக்கா. நாளைக்கு வாரியா?"

இரண்டு கையிலும் பூவை ஏந்தியபடி அவர் நின்றார். கருப்புத் தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி, வெள்ளை வேட்டியில், மடிக்கு நேரே சொட்டிக்கொண்டிருந்தது.