பதிவறை வாசலில் ஒரு வரிசை

"உனக்கு எது பிடிக்கும், இலக்கியமா மொழியா?" என்று டெக்லன் கேட்டிருந்தான். கல்லூரி சேர்ந்த முதல் வாரம், தேநீருக்கு நின்றபோது.

"உனக்கு?" என்றாள் டாம்சின்.

"முதல்ல நீ சொல்லேன்."

"நீதானே ஆரம்பிச்ச? நீயே சொல்லு."

இரண்டு வருடமாகியும் அந்தப் பேச்சு முடிந்தபாடில்லை. அதுவரை பாதி இலக்கியம், பாதி மொழி என்று ஆங்கிலப் பட்டப்படிப்பு ஓடிவிட்டது. கடைசி வருடத்துக்கு மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். படிவம் கொடுக்க இன்று மாலை நான்கு மணி கெடு.

எதுவானாலும் டாம்சினுக்குச் சம்மதம்தான். டெக்லன் எந்த வகுப்பில் இருக்கிறானோ, அந்த வகுப்பில் அவளும் இருக்க வேண்டும், அவ்வளவே. அதை அவனிடம் கேட்டுவிட்டால் தீர்ந்தது. ஆனால் அவள் வளர்ந்த யார்க்‌ஷயர் வீட்டில் யாரும் எதையும் நேராகக் கேட்டதில்லை. உப்பு வேண்டுமென்றால் அவள் அம்மா, "வேற யாருக்காவது உப்பு வேணுமா?" என்பாள். யாருக்கும் வேண்டாமென்றால் சப்பென்று சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள்.

ஆக, மதியம் இரண்டு மணியிலிருந்து இருவரும் வெற்றுப் படிவத்தோடு, படிவம் வாங்கும் பதிவறை வாசலில் நின்றார்கள்.

"நீ முதல்ல போ."

"ஐயோ, நீ போப்பா."

பின்னால் வந்தவர்கள் முந்திப் போயிருக்கலாம். வரிசையை மீறுவதா? அதற்கு ஊரைவிட்டே போய்விடலாம். எல்லோரும் பேசாமல் நின்றார்கள். வரிசை மாடிப்படி இறங்கி, முற்றத்தைத் தாண்டி, மழையில் தெருவரைக்கும் போய்விட்டது.

"இங்க என்ன குடுக்கறாங்க?" என்று தெருவில் ஓர் அம்மாள் கேட்டாள்.

"தெரியலைங்க. இவ்வளவு பேர் நிக்கறாங்கன்னா ஏதோ நல்லதாத்தான் இருக்கும்" என்றார் வரிசைக் கடைசியில் நின்ற தபால்காரர். அந்த அம்மாளும் குடையோடு சேர்ந்துகொண்டாள்.

மூன்று மணிக்கு இலக்கியம் நடத்தும் டாக்டர் பிம் வந்தார். இரண்டு பேரையும் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்துவிட்டார். "தேர்ந்தெடுக்க முடியாத மனசு! இதைவிடத் துயரம் உண்டா?" என்று அங்கேயே பாடம் தொடங்கினார். பின்னாலேயே மொழியியல் டாக்டர் கிரெய்க் ஒலிப்பதிவுக் கருவியோடு ஓடிவந்தார்.

"பிம், வாயை மூடும்! இவங்க ரெண்டு பேரோட நாற்பத்தோரு விநாடி மௌனம் பதிவாகிட்டிருந்தது. கெடுத்துட்டீரே!"

பதிவறை மிஸஸ் ஹோல்ராய்ட் கதவுக்கு வெளியே தலையை நீட்டினாள். "கண்ணுங்களா, நாலு அடிச்சா சாத்திடுவேன். படிக்கட்டுல ஒருத்தன் கூடாரம் போட்டு அடுப்பு மூட்டிட்டான். எனக்கு வயசாகுது."

நான்கு அடிக்க இன்னும் இரண்டு நிமிடம். டெக்லன் பேனாவைத் திறந்தான். டாம்சின் அவன் படிவத்தை எட்டிப் பார்த்தாள்.

"நான் யோசிச்சுட்டேன் டாம்சின். நீ எதை எடுக்கறியோ, அதை விட்டுட்டு இன்னொண்ணை நான் எடுத்துக்கறேன்."

"ஏன்?"

"ரெண்டு வருஷமா உன் பக்கத்துலயே உக்காந்து உன்னைப் படுத்திட்டேன். வேற இடத்துல உக்காருன்னு சொல்ல உனக்கு வாய் வரல. பாவம், கடைசி வருஷமாவது நிம்மதியா படி."

அவன் முகத்தில் அத்தனை பெருந்தன்மை. காது மட்டும் சிவந்திருந்தது.

உப்பில்லாமல் சாப்பிட்டு எழும் அம்மாவின் முகம் அவள் கண்முன் வந்தது. கிரெய்க்கின் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிம் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு நின்றார். படிக்கட்டு முழுக்கக் காது. மிஸஸ் ஹோல்ராய்டின் கை கதவுக் கைப்பிடியில்.

டாம்சின் அவன் பேனாவைப் பிடுங்கினாள்.

"டெக்லன், எந்தப் பாடமா வேணா இருக்கட்டும். நீ என் பக்கத்துலயே உக்காரு."